ஒரு சீட், இரண்டு பிள்ளைகள்

மகளுக்கு ஒரு வயது முடிந்த சமயம் எங்கள் காருக்கு பேபி சீட் ஒன்று வந்தது. மனைவியின் பெரியம்மா மகள் வெளிநாட்டிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்தது. அவளுடைய பிள்ளை வளர்ந்துவிட்டதால் எங்களிடம் கொடுத்துவிட்டாள்.

அதைப் பொருத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பின் சீட்டுக்கு நான் ஆசையாகத் தைத்துப் போட்டிருந்த உறை, பெல்ட் மாட்டும் கொக்கிகளை முழுக்க மூடியிருந்தது. இடது பக்கம் மட்டும் பிளேடால் கிழித்துக் கொக்கியை வெளியே எடுத்தேன். பெல்ட்டை எந்தத் துவாரத்தின் வழியாக விடுவதென்று போனில் வீடியோ பார்த்துப் பார்த்து மாட்டினேன். மாட்டி முடித்து ஆட்டிப் பார்த்தால் சீட் தொட்டில் மாதிரி ஆடியது. பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துவிட்டால்தான் அது திரும்ப உள்ளே போகும்போது இறுகிப் பூட்டிக்கொள்ளும் என்பது பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. சீட்டின் மேல் முழங்காலை ஊன்றி, உடம்புப் பாரம் முழுவதையும் கொடுத்து இழுத்தேன். அன்றைக்குத்தான் அது அசையாமல் நின்றது. பிள்ளை பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும் என்றதும், "புள்ளைக்கு ரோடே தெரியாதே" என்று மனைவி வருத்தப்பட்டாள். விபத்து நடந்தால் கழுத்துக்கு என்ன ஆகும், மடியில் வைத்திருக்கும் பிள்ளையைப் பெரியவர்களின் கையால் ஏன் பிடித்து வைக்க முடியாது என்பதையெல்லாம் அவளுக்கு விளக்கிச் சொன்னேன். எல்லாம் தெரிந்தவனாகத்தான் சொன்னேன்.

அக்கா பூனாகலைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். நான் பிறந்து வளர்ந்ததும் அந்தத் தோட்டத்து லய வீட்டில்தான். அவளுடைய கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த பையன், என் மகளை விட இரண்டு மாதம் இளையவன். நாங்கள் இப்போது இருக்கும் பதுளையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அக்காவையும் பையனையும் நானே வந்து கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன்.

புறப்படும் முன் மனைவி கேட்டாள். "ஏங்க, ரெண்டு புள்ளைங்க இருக்கே. அவனுக்கு என்ன செய்யிறது?"

"மெதுவா போவோம்" என்றேன்.

வலது பக்கத்திலும் ஒரு பெல்ட் இருந்தது. அதன் கொக்கி உறைக்குள்ளேயே கிடந்தது. இன்னொரு சீட்டை யாரிடமாவது கேட்டு வாங்கியிருக்கலாம். முதல் சீட்டோடு பட்ட பாட்டை நினைத்ததும் எனக்கு அலுப்பாக இருந்தது. உண்மையில் அவ்வளவுதான் காரணம்.

அக்கா பையனோடு ரோட்டுக்கு இறங்கி வந்து காத்துக்கொண்டிருந்தாள். புதுச் சட்டை போட்டு, நெற்றியில் கறுப்புப் பொட்டு வைத்திருந்தாள் அவனுக்கு. மகளைத் திரும்பவும் சீட்டில் வைத்து நான் வாரைப் பூட்டி இழுத்துச் சரிபார்ப்பதை நின்று பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. இவனெல்லாம் இதுல இருக்க மாட்டான் தம்பி, மடிதான் வேணும்" என்று சிரித்தபடி அவனை மடியில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் உட்கார்ந்தாள். நானும் சிரித்தேன்.

பண்டாரவளை தாண்டியதும் மகள் தூங்கிவிட்டாள். நான் மெதுவாகத்தான் ஓட்டினேன். தெமோதரைப் பக்கம் ஒரு வளைவில் லொறியை முந்திக்கொண்டு பஸ் ஒன்று நேரே எங்கள் பக்கத்துக்கு வந்தது. பிரேக்கை மிதித்தேன். பஸ் உரசாமல் விலகிப் போய்விட்டது. என் முதுகுக்குப் பின்னால் ஏதோ வந்து மோதியது.

அது அக்காவின் மகன். அவன் வாயெல்லாம் இரத்தம். அக்கா அவனை வாரி எடுத்துச் சேலைத் தலைப்பால் உதட்டை அழுத்திப் பிடித்தாள். அழுகைச் சத்தம் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. என் மகள் கண்கூடத் திறக்கவில்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் உதட்டுக்குத் தையல் போட்டார்கள். தலையில் அடி இல்லை, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டொக்டர். எப்படி நடந்தது என்று கேட்டார்.

"நான்தான் சரியா புடிக்கலங்க" என்றாள் அக்கா.

நான் பக்கத்தில்தான் நின்றேன். யாராலும் பிடித்திருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். மனைவி என்னைப் பார்த்தாள். நான் மருந்து எழுதிய துண்டை வாங்கிக்கொண்டு வரிசைக்குப் போய்விட்டேன்.

அக்கா கல்யாணத்துக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டே இருந்தாளாம். நான் போய்ப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்தேன். கேட்டவர்களிடம் பஸ்காரனைத் திட்டினேன்.

அடுத்த ஞாயிறு தனியாகப் பூனாகலைக்குப் போனேன். பையனின் உதடு வீக்கம் வற்றியிருந்தது. அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். குடிக்காமல் சொன்னேன். "ஒன் மேல தப்பில்லக்கா. மடியில வச்சா அப்படித்தான் ஆகும். எனக்கு முன்னமே தெரியும்."

அவள் பையனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சா ஏன் தம்பி சொல்லல? நான் பஸ்ல வந்திருப்பேன்ல."

"பஸ்லயும் மடியிலதானே வச்சிருப்ப."

"பஸ்ல எல்லார் புள்ளையும் மடியிலதான் இருக்கும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த வாரமே என்னோடு வேலை செய்யும் ஒருவரிடம் கேட்டேன். அவருடைய வீட்டில் பரண் மேல் சும்மா கிடந்தது ஒரு சீட். "இத முதல்லயே கேட்டிருக்கலாமே" என்றபடி தூசி தட்டிக் கொடுத்தார். வலது பக்கத்திலும் நடுவிலும் உறையைக் கிழித்துக் கொக்கிகளை வெளியே எடுத்தேன். முழங்காலை ஊன்றி இழுத்துப் பூட்டினேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. முடித்தபிறகு காருக்குள்ளேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு சின்ன வேலைக்காகவா என்று மட்டும்தான் நினைக்க முடிந்தது.

அடுத்த தடவை தையல் போட்ட இடத்தைக் காட்டப் பதுளைக்கு வரும்போது அக்கா என்னிடம் சொல்லாமல் பஸ்ஸிலேயே வந்து போனாள். மனைவி போனில் பேசிய பிறகுதான், தைப்பொங்கலுக்கு என் காரில் வரச் சம்மதித்தாள்.

பையனை நானே சீட்டில் வைத்தேன். அவன் முதுகை வில்லாக வளைத்துக் கத்தினான். வாரைப் பூட்டி இறுக்கினேன். "ரொம்ப இறுக்காத" என்றாள் அக்கா. இவ்வளவு இறுக்கினால்தான் சரி என்று, வாருக்கும் நெஞ்சுக்கும் இடையில் விரலை விட்டுக் காட்டினேன். அவளும் தன் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த ஒடுங்கிய இடத்தில், ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து தன் பெல்ட்டையும் மாட்டிக்கொண்டாள்.

ஹாலிஎல வரும்வரை பையன் அழுதான். அவள் அவனைத் தூக்கவில்லை. வழி நெடுக அவன் நெஞ்சில் கையை வைத்தபடியே வந்தாள். கண்ணாடியில் அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பின்னால் வந்த வண்டிகள் ஹோர்ன் அடித்து முந்திப் போயின.