ஆறு கைநாட்டுகளுக்கு நான் சாட்சி

காலை பத்து நாற்பது. கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் முதலில் என் கண்ணில் பட்டவை செல்வியின் வெறும் பாதங்கள். உப்பு நீரில் வெளுத்து வெடித்தவை. பதினொரு மணிக்கு அவளுக்கு எதிராகப் பொய் சொன்னேன். இதை உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

நான் மரக்காணத்தில் நிருபர். செல்வியும் வேறு ஐந்து பேரும் ஒரே உப்பளத்தில் கொத்தடிமைகள். மேஸ்திரி விடாமல் அளத்தைத் தாண்ட முடியாது. அவர்களை விடுவிக்கக் கோரும் மனுவை எழுதிக் கொடுத்தவன் நானே. ஆறு பேரும் என் முன்னால்தான் கைநாட்டு வைத்தார்கள்.

ஆறும் வெறும் மைத்திட்டுகள்! உப்பு வாரிய விரல்களில் ரேகையே இல்லை.

“ரேஷன் மெசினுக்கே எங்கள அடையாளம் தெரியலண்ணா. ஆபீசருக்கா தெரியப் போவுது?” என்று செல்வி சிரித்தாள். அதனால்தான் சாட்சியாக நான் கையெழுத்திட்டேன்.

விசாரணைக்கு அவளை மட்டும் அழைத்து வந்தார்கள். மற்றவர்கள் அளத்தில். வராந்தாவில் மேஸ்திரி என்னை நெருங்கினார்.

“சௌக்கியமா சார்? பாப்பா தெனமும் கீழ்புத்துப்பட்டு ஸ்டாப்புல தனியா நிக்குதே... காலேஜ் பஸ்சு லேட்டுங்களா?”

அவ்வளவுதான். புன்னகையோடுதான் கேட்டார். என் மகள் நிற்கும் இடம்கூட அவருக்குத் தெரிந்திருந்தது.

உள்ளே, ஆறு கைநாட்டும் செல்வியே வைத்தவை என்றார் உப்பள முதலாளி. அதிகாரி என்னைப் பார்த்தார். “ஆறு பேரும் வச்சத நீங்க பார்த்தீங்களா? ஆமான்னா இப்பவே அளத்துக்குக் கிளம்புறேன்.”

ஒரே ஒரு சொல்... ஏன் வரவில்லை?

“பார்க்கலைங்க. இந்தம்மாதான் பேப்பரக் கொண்டு வந்தாங்க, நம்பிக் கையெழுத்துப் போட்டேன்.”

“அண்ணா! நீங்கதானே மைப்பெட்டியப் புடிச்சீங்க!”

நான் மேசையைப் பார்த்தேன். மனு தள்ளுபடியானது.

மகளுக்காகத்தான் பொய் சொன்னேன் என்று இரண்டு ஆண்டுகள் நம்பினேன். அவள் இப்போது வேலை கிடைத்துச் சென்னையில் இருக்கிறாள். அதன் பிறகும் ஏன் வாய் திறக்கவில்லை? வாசலில் வண்டி நின்றால் இன்றும் ஏன் விளக்கை அணைக்கிறேன்? அப்படியானால் அந்தப் பயம் யாருக்கானது? தெரியவில்லை... தெரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது.

அன்று பன்னிரண்டு மணிக்கு, அளத்துக்குத் திரும்பும் வேனின் கதவை மேஸ்திரி திறந்தார். செல்வியை நடு சீட்டில், இரண்டு ஆட்களுக்கு இடையில் உட்கார வைத்தார்கள்.