நடிகைக்கு வந்தால்தான் நோய்

பாஞ்சாலியின் கைகளுக்குப் பொழுது விடிவது பத்து மணிக்கு. உடம்பில் மற்றதெல்லாம் நாலரைக்கே எழுந்துவிடும். வாய் அதற்கும் முன்னால் எழுந்துவிடும் என்பான் அவள் புருஷன் கன்னியப்பன். விரல்கள் பத்து மட்டும் விறைத்துக் கிடக்கும். மடக்கினால் நிமிராது, நிமிர்த்தினால் மடங்காது. வெந்நீரில் முக்கி, உள்ளங்கையைத் தேய்த்து, கெஞ்சி, திட்டி ஒரு வழியாக வேலைக்குக் கிளம்புவாள்.

ஜாக்கெட் ஊக்கு மாட்டுவது கன்னியப்பன் வேலை. டிராக்டர் ஓட்டுகிற கை, ஊக்கோடு மல்லுக்கட்டும்.

"கழட்டச் சொன்னா மட்டும் ஜல்தியா வருது. மாட்டச் சொன்னா இன்னாய்யா தடவிக்கினு கீற?" என்பாள்.

"மெதுவா பேசு மே, பக்கத்து வூட்ல காது கீது."

பிறகு ஜடை. பின்னுவானே தவிர, அது நேராக வந்ததாகச் சரித்திரம் இல்லை. பொண்டாட்டிக்கு ஜடை போடுகிறவன் என்று பென்னலூர் டீக்கடையில் கேலி பேசினார்கள். "உம்பொண்டாட்டிக்கு முடியே இல்ல, நீ பேசாத" என்று அவன் வாயடைத்துவிட்டு வருவான். நல்ல மனுஷன்தான்.

இரண்டாவது பிள்ளை பிறந்தபோது அவளுக்கு இருபத்தேழு வயது. அப்போது ஆரம்பித்தது. பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து, படம் எடுத்து, முடக்குவாதம் என்றார்கள். உன் உடம்பே உன் மூட்டை எதிரி என்று நினைத்து அடிக்கிறது, காலையில்தான் அதிகம் இறுகும், மாத்திரையை நிறுத்தாதே என்று டாக்டர் விளக்கினார். "என் உடம்புக்கு எங்க மாமியார் கொணம் வந்துட்ச்சா டாக்டர்?" என்று கேட்டாள். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை ஏழு வருஷமாக ஒரு பிளாஸ்டிக் பையில் பத்திரமாக வைத்திருந்தாள். அதை ஒரு மனுஷர்கூடப் படித்ததில்லை.

படிக்கவேண்டியவர் மேனேஜர் கோதண்டராமன். பாஞ்சாலி வேலை செய்தது பென்னலூர் பக்கத்து டார்ச் லைட் கம்பெனியில். டார்ச்சின் பின்மூடியைத் திருகிப் பெட்டியில் வைக்கவேண்டும். முடக்குவாதக்காரிக்கு இதைவிடப் பொருத்தமான வேலையை எமன்கூடத் தேடிக் கொடுக்கமாட்டான். பெண்களுக்கு ராத்திரி வேலை கூடாது என்று சட்டம், அதனால் அவர்களுக்கு இரண்டே வழி. காலை ஆறு மணி ஷிப்ட், இல்லாவிட்டால் ஒன்பதரைக்குத் தொடங்கும் ஜெனரல் ஷிப்ட். ஜெனரல் ஷிப்டில் ஆபீஸ்காரர்களும், செக்கிங் டேபிளில் நாலே நாலு பெண்களும் இருந்தார்கள். அந்த டேபிளில் ஐந்தாவது நாற்காலி ஒன்று சும்மாவே கிடந்தது. பாஞ்சாலி கேட்டதெல்லாம் அந்த நாற்காலிதான்.

கோதண்டராமன் கெட்டவர் இல்லை. ஆனால் மூடி திருகும் லைன் பக்கம் அவர் சுற்றிப் பார்க்க வருவது பன்னிரண்டு மணிக்கு. அந்நேரத்தில் பாஞ்சாலி மற்ற எல்லாரையும் விட வேகமாகத் திருகிக்கொண்டிருப்பாள், காலையில் விட்டதைப் பிடிக்கவேண்டுமே. அவர் அதைப் பார்ப்பார், பிறகு காலைக் கணக்கைப் பார்ப்பார், பிறகு அவள் முகத்தைப் பார்ப்பார்.

"பன்னெண்டு மணிக்குப் பறக்கிற கை ஏழு மணிக்கு மட்டும் ஏம்மா படுத்துக்குது? இது வியாதியா, சோம்பேறித்தனமா?"

இரண்டு மெமோ வந்தாயிற்று. மூன்றாவது வந்தால் வீட்டுக்கு. சீசன் இல்லாத மாசங்களில் கன்னியப்பனின் டிராக்டர் சும்மா நிற்கும்போது, வீட்டில் உலை கொதிப்பது அவள் சம்பளத்தில்தான்.

இப்படி இருக்கும்போதுதான் தொண்ணூற்றொன்றில், ஆடி மாசம், நடிகை வசந்தரூபாவுக்கும் முடக்குவாதம் என்று ஒரு வாரப் பத்திரிகையில் இரண்டு பக்கத்துக்குப் பேட்டி வந்தது. காலையில் காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, ஷூட்டிங் போக முடியவில்லை, அழுதேன் என்று சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டுத் தாயாரம்மாள் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அடியே பாஞ்சாலி! உன் சீக்குதான்டி அந்தம்மாவுக்கும்! மெய்யாலுமே காலைல கை வராதாம்டி!"

"ஏழு வருசமா நான் இன்னா சொல்லிக்கினு கீறேன்?"

"நீ சொன்ன. ஆனா அவங்க சொல்றாங்களேடி!"

அய்யோ, அன்றிலிருந்து பாஞ்சாலிக்கு வந்த மரியாதை இருக்கிறதே! சோம்பேறிச் சீக்கு, வேஷச் சீக்கு என்று இருந்தது ஒரே வாரத்தில் வசந்தரூபா சீக்கு ஆகிவிட்டது. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். வல்லக்கோட்டையிலிருந்து ஒரு பெண் அவள் விரல்களைப் பார்க்கவென்றே வந்து, பார்த்துவிட்டு, "அவங்களுக்கும் இப்படித்தான் வளைஞ்சிருக்குமா?" என்று கேட்டது. தாயாரம்மாள் கூட்டத்தை ஒழுங்குபடுத்தாத குறை. கன்னியப்பனுக்கு டீக்கடை பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்கள். பாஞ்சாலிக்கு எரிச்சலும் சந்தோஷமும் கலந்து வந்தது. என் வலிக்கு ஒரு சினிமாக்காரி சாட்சி சொல்லவேண்டியிருக்கிறதே என்று ஒரு பக்கம். சொன்னாளே மகராசி என்று இன்னொரு பக்கம்.

அந்தச் சந்தோஷம் ஒரு மாசம் தாங்கியது. ஆவணியில் அதே வசந்தரூபா ஒரு விளம்பரத்தில் வந்து நின்றார். கையில் மூட்டுராஜா தைலம். 'பதினைந்தே நாளில் எழுந்து நின்றேன்' என்று பெரிய எழுத்து.

போச்சு. மறுநாளே தாயாரம்மாள் ஒரு பாட்டில் கொண்டுவந்தாள். லைனில் வேலை செய்யும் பெண்கள் சேர்ந்து ஒன்று. கோதண்டராமன் தன் பங்குக்கு ஒன்று. பாஞ்சாலி மூன்றையும் தேய்த்தாள். வீடே கற்பூர வாசனை, கன்னியப்பனுக்குத் தும்மல், தெருநாய்கூட அவளைக் கண்டு ஒதுங்கிப் போனது. விரல் மட்டும் பத்து மணிக்கு முன்னால் அசையமாட்டேன் என்றது.

"அவங்களுக்குச் சரியாகுது, உனக்கு மட்டும் ஏன் ஆகலை?" என்று கோதண்டராமன் கேட்டார். "ஆகக்கூடாதுன்னு நினைக்கிறே. ஆயுத பூஜை வரைக்கும் பார்ப்பேன். அதுக்கப்புறமும் காலைக் கணக்கு குறைஞ்சா மூணாவது மெமோதான்."

தாயாரம்மாள்கூட, "ஒழுங்காத் தேய்ச்சியாடி?" என்றாள். அன்றுதான் பாஞ்சாலி அழுதாள். வலித்து அழுதது குறைவு, இப்படிக் கேட்டு அழுதது அதிகம்.

அந்த வருஷம் மே மாசத்துக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எந்தக் கார் வந்தாலும் ஒன்று போலீஸ், இல்லாவிட்டால் பத்திரிகைக்காரன். ஜனங்கள் நொந்துபோயிருந்தார்கள். அதனால் கம்பெனி ஆயுத பூஜைக்கு வசந்தரூபா வருகிறார் என்றதும் ஊரே குளித்துத் தலை சீவிக்கொண்டு நின்றது. அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, சிறப்பு விருந்தினர் ஒரு டார்ச்சுக்குத் தம் கையாலேயே மூடி திருகி எரியவைக்கவேண்டும். அது எரிந்த பிறகுதான் பூசணிக்காய் உடைப்பார்கள்.

ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னவர் பத்துக்கு வரவில்லை, பதினொன்றுக்கு வரவில்லை. கோதண்டராமன் கோட்டுப் போட்டுக்கொண்டு வாசல் வெயிலில் வெந்தார். நாதஸ்வரக்காரர் வாசித்ததையே நாலு தடவை வாசித்துவிட்டு டீ குடிக்கப் போனார். யாரோ முணுமுணுத்தபோது கோதண்டராமன் திரும்பி அதட்டினார்.

"பாவம்யா, காலையில அவங்களுக்குக் கை கால் வராது. பேட்டியில படிக்கலையா? வியாதிக்காரங்களை அவசரப்படுத்தலாமா?"

பாஞ்சாலிக்குச் சுருக்கென்றது. பத்தடி தள்ளி நின்றிருந்தாள். வாயைத் திறந்தாள், மூன்றாவது மெமோ ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டாள்.

பதினொன்றரைக்கு வசந்தரூபா வந்தார். பட்டுப் புடவை, கறுப்புக் கண்ணாடி, நடையில் லேசான இழுப்பு. டார்ச்சைக் கையில் கொடுத்தார்கள். மூடியை வைத்துத் திருகினார். திரும்பவில்லை. சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை திருகினார். மூடி நழுவித் தரையில் உருண்டது. போட்டோக்காரர்கள் காத்திருந்தார்கள். சிரிப்பு அப்படியே இருக்க, நடிகையின் கறுப்புக் கண்ணாடிக்கு அடியில் தண்ணீர் கசிவதைப் பாஞ்சாலி பார்த்தாள். அது வலியில் வருவது என்று அங்கே தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

குனிந்து மூடியை எடுத்தாள்.

"விரலால திருகாதீங்கம்மா. வராது. டார்ச்ச வயித்தோட அணைச்சிக்கினு, உள்ளங்கைய மூடி மேல அழுத்தி, கைய முழுசா சுத்துங்க. ஆங், அப்படித்தான்."

மூடி ஏறியது. விளக்கு எரிந்தது. கைதட்டல், நாதஸ்வரம், பூசணிக்காய். அந்தச் சத்தத்துக்கு நடுவே வசந்தரூபா அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். இருவர் விரல்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"உனக்குமா?"

"ஏழு வருசம்மா."

"காலையில எத்தனை மணிக்குக் கை வரும்?"

"பத்து ஆவும். உங்களுக்கு?"

"பன்னெண்டு."

"அந்தத் தைலம் தேய்ச்சுமா?"

வசந்தரூபா கண்ணாடியைக் கழற்றினார். "அதுல ஒரு அப்பளம் பொரிக்கலாம். அவ்வளவுதான். சினிமா சான்ஸ் போச்சு, மாத்திரை வாங்கவாவது பணம் வேணாமா? நான் தேய்க்கவே இல்ல. மன்னிச்சிடும்மா."

கோதண்டராமன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நடிகை அவர் பக்கம் திரும்பி, "இவங்க என்ன வேலை சார் பார்க்கறாங்க?" என்று கேட்டார். அவர் சொன்னதும், "மூடி திருகறதா? ஆறு மணிக்கா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். கோதண்டராமனுக்கு வேர்த்தது.

மறுநாளே ஆபீசுக்குக் கூப்பிட்டு உத்தரவை நீட்டினார். ஜெனரல் ஷிப்ட், செக்கிங் டேபிள். பாஞ்சாலிக்குத் தலைகால் புரியவில்லை. எட்டாம் வகுப்புப் படித்தவள், ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். கடைசி வரியில் நின்றுவிட்டாள். காரணம்: சிறப்பு விருந்தினர் செல்வி வசந்தரூபா அவர்களின் சிபாரிசு.

"இத்த மாத்தணும் சார்."

"எதை?"

"காரணத்த. நோய் பேர எழுதுங்க." பிளாஸ்டிக் பையிலிருந்து பெரியாஸ்பத்திரிச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

கோதண்டராமனுக்குக் கோபம் வந்தது. "கேட்ட ஷிப்ட் கிடைச்சிடுச்சில்ல? எப்படிக் கிடைச்சா உனக்கென்ன? நோய்னு எழுதினா நாளைக்கு இதே நோயோட வர்ற எல்லாருக்கும் நான் குடுக்கணும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோ. இல்லேன்னா பழையபடி ஆறு மணிக்கு வா."

வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். கன்னியப்பனாக இருந்தால் போயிருப்பான், நானாக இருந்தாலும் போயிருப்பேன். பாஞ்சாலி உத்தரவைச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கை பேனாவை எடுக்கவில்லை.

"நாளைக்கு வேற ஒருத்தி வருவா சார். இதே மாதிரி கைய வச்சிக்கினு உங்க முன்னாடி நிப்பா. அவ நடிகைக்கு எங்க போவா?"

கோதண்டராமன் அவளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிறகு ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சீட்டைக் கையில் எடுத்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.