பத்து நிமிடம் தள்ளிப்போன பட்டியல்

கக்கத்தில் சுருட்டிய உலகப்படம் இல்லாமல் அவள் வகுப்புக்குள் நுழைந்ததே இல்லை. அதனால் பள்ளி முழுக்க அவள் ‘மேப் டீச்சர்’தான். பத்தொன்பது வருஷமாக வரலாறு எடுக்கிறாள். யூத இனப்படுகொலைக்குப் பாடப்புத்தகத்தில் இருந்ததோ இரண்டே பத்தி. அவள் அதற்கு மூன்று வகுப்புகள் எடுத்துக்கொள்வாள்.

“ரயிலும் முகாமும் பின்னாடி வந்ததும்மா. முதல்ல வந்தது பட்டியல். இந்தப் பிள்ளைங்க இனி இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வரக்கூடாதுன்னு யாரோ ஒருத்தர் அழகான கையெழுத்துல எழுதினாங்க. மறுநாள் பெஞ்சு காலியா கிடந்துது.”

வாயாடி என்று எல்லோரும் கூப்பிடும் பெண் எழுந்தாள். “பக்கத்துல உட்கார்ந்திருந்தவங்க ஏன்னு கேட்கலையா டீச்சர்?”

“கேட்டவங்க ரொம்பக் கொஞ்சம்.”

அடுத்த வாரமே தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். செங்கல் சூளையில் வேலை செய்ய வெளியூரிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஏழு பேர் பள்ளியில் படித்தார்கள். தலையில் பேன், உடம்பில் சொறி, தங்கள் பிள்ளைகளின் படிப்பே கெடுகிறது என்று மற்ற பெற்றோர்கள் மனு கொடுத்திருந்தார்கள். பழைய கிடங்கில் அந்த ஏழு பேருக்கும் தனி வகுப்பு வைக்க ஏற்பாடாம்.

“உங்க ஒன்பதாம் வகுப்புல மூணு பேர். பேரை மட்டும் எழுதிக் குடுத்துடுங்க டீச்சர்.”

“என்னால எழுத முடியாது சார்.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவள் கணவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவளுடைய வகுப்புகளையும் சேர்த்து எடுத்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் மட்டும் ஆசைப்பட்டா செய்றேன்? நீங்க எழுதலன்னா எதுவும் நின்னுடாதும்மா.”

நிற்கவும் இல்லை. வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் குமாஸ்தா பத்தே நிமிடத்தில் ஏழு பெயர்களையும் எழுதி முடித்தார்.

அவள் விடவில்லை. தானே ஒரு மனு எழுதி ஆசிரியர் அறையில் நீட்டினாள். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள், பேனாவை மட்டும் யாரும் எடுக்கவில்லை. “இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிட்டா ஓய்வு. என்னை விட்டுடு தாயி,” என்று கணக்கு வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டார். ஒற்றைக் கையெழுத்தோடு கல்வி அலுவலகத்துக்கு அனுப்பினாள். மனு வந்து சேர்ந்தது என்று ஒரு சீட்டு வந்தது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மூன்று இடங்கள் காலி. வாயாடி எழுந்து நின்றாள்.

“டீச்சர், ஏன்னு நாங்க போய்க் கேட்கட்டுமா?”

வகுப்பே டீச்சர் முகத்தைப் பார்த்தது. கேளுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். இந்தப் பிள்ளைகளுக்கு என்ன வருமோ என்று பயந்தாள்.

“உட்காரும்மா,” என்றாள்.

வாயாடி உட்காரவில்லை. இடைவேளையில் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். சாயங்காலம் பெற்றோர்கள் வரவழைக்கப்பட்டார்கள். எல்லோர் எதிரிலும் வாயாடியின் முதுகில் அவள் அப்பா ஒன்று வைத்தார். அவள் மன்னிப்புக் கடிதம் எழுதும்போது மேப் டீச்சர் வராந்தாவில்தான் நின்றிருந்தாள். உள்ளே போகவில்லை.

மறுநாளே ஒன்பதாம் வகுப்பை அவளிடமிருந்து மாற்றினார்கள்.

சனிக்கிழமை மூன்று பிள்ளைகளும் வகுப்பில் விட்டுப்போன புத்தகங்களை எடுத்துக்கொண்டு சூளைக்குப் போனாள். ஒரு தாய் கையிலிருந்த களிமண்ணை உதறிக்கொண்டே வந்தாள்.

“கிடங்குக்கு வாத்தியாரே வரல டீச்சர். வெறுமனே எதுக்கு இருக்கணும்னு இங்கயே கூட்டிட்டு வந்துட்டோம். நீங்க மனசக் கஷ்டப்படுத்திக்காதீங்க, எங்களுக்கு இது பழக்கம்தான்.”

அந்தத் தாயின் மகள் தலையில் எட்டுச் செங்கல்லோடு வந்துகொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. புத்தகங்களை நீட்டினாள் டீச்சர். வாங்க அந்தப் பெண்ணுக்குக் கை இல்லை. இரண்டும் சுமையைப் பிடித்திருந்தன.

“அங்க வெச்சிடுங்க டீச்சர். அந்தப் பக்கம் வேணாம், ஈரம்,” என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தாள்.