சீனியம்மாள் கேட்ட சட்டம்

எழுமலைக்குத் தெற்கே மழையை நம்பிக் கிடந்த ஓர் ஊரில், கிராம முன்சீப் பேயாண்டியின் காரைவீட்டுக்கு நேர் எதிரே சீனியம்மாளின் கூரைவீடு இருந்தது. புருஷன் முத்திருளன் ஜெயிலில் செத்த பிறகு, தாய்வீட்டுக்கே வந்துவிடச் சொல்லி அண்ணன்மார் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் மறுத்துவிட்டாள்.

"நான் போயிட்டா அந்தாளு நிம்மதியா வாசலுக்கு வருவான்" என்றாள்.

நடந்தது இதுதான். கண்மாய் மடை திறப்பதில் முத்திருளனுக்கும் முன்சீப்புக்கும் தகராறு. தன் சோளத்துக்கு முறைப்படி வரவேண்டிய தண்ணீரை முத்திருளன் விட்டுக்கொடுக்கவில்லை. ஊர் பார்க்க முன்சீப்பை எதிர்த்துப் பேசிவிட்டான். கொஞ்ச நாளில் பக்கத்து ஊரில் மாடு களவு போனது. முத்திருளன் அந்த மாடுகளை ஓட்டிக்கொண்டு போனதைக் கண்மாய்க் கரையிலிருந்து தன் கண்ணால் பார்த்ததாகப் பேயாண்டி கோர்ட்டில் சொன்னார். கள்ளர் சாதியையே குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்திய கைரேகைச் சட்டத்தில் ஊரே அகப்பட்டுக் கிடந்த காலம் அது. கள்ளர் வீட்டு ஆண் ஒருவனைப் பார்த்து முன்சீப் விரல் நீட்டினால் வேறு சாட்சி எதற்கு? மதுரை ஜெயிலுக்குப் போன முத்திருளன் வயிற்றுக்கடுப்பு கண்டு அங்கேயே போய்ச் சேர்ந்தான்.

அன்றிலிருந்து காலையில் பேயாண்டி வெளியே வரும் நேரம் பார்த்துச் சீனியம்மாள் தன் வாசலில் வந்து நிற்பாள். பேசமாட்டாள். வைக்கோல்படப்பைக் கொளுத்திவிடுவது போல ஒரு பார்வை பார்ப்பாள். பேயாண்டியோ தலையாரி கருப்பு பக்கத்தில் வர, இவள் இருக்கிற திசைக்கே முகம் கொடுக்காமல் நடந்துபோவார். என்ன திமிர் இவனுக்கு என்று அவள் வயிறு இன்னும் எரியும்.

மகன் நல்லகாமனுக்குப் படிப்பு நன்றாக வந்தது. உபகாரச் சம்பளத்தில் மதுரையில் பி.ஏ. வரை ஏறிவிட்டான். வாத்தியார் வேலைக்குப் போகலாம் என்றான்.

"வாத்தியாரு ஆயி அவன் பேரனுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுக்கப் போறியா?" என்றாள் சீனியம்மாள். "வக்கீலுக்குப் படி."

உழவுமாட்டை விற்று அவனைச் சென்னைப் பட்டணத்துச் சட்டக் கல்லூரிக்கு அனுப்பினாள். லீவுக்கு வரும்போதெல்லாம் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வாள்.

"இந்தத் தடவ என்ன சொல்லிக் குடுத்தாக?"

"ரோமாபுரிச் சட்டம், ஆத்தா. அடிமைகள், பிதாவோட அதிகாரம், அதெல்லாம்."

"அது எந்தப் பக்கம்?"

"கடலுக்கு அப்பால. அந்த ராஜ்ஜியம் அழிஞ்சு ஆயிரக்கணக்கான வருசம் ஆச்சு."

"செத்தவுக சட்டம் நமக்கெதுக்கு? அடுத்தது?"

ஒப்பந்தச் சட்டம் என்றான். இருவர் மனமொத்து வாக்குக் கொடுத்தால்தான் அது செல்லும் என்று விளக்கினான். "நம்ம யாரு அவன்கிட்ட மனசு ஒத்தோம்?" என்று அதையும் தள்ளினாள். இந்து சட்டத்தில் தத்து, பாகம், விதவையின் ஜீவனாம்சம் என்று அவன் சொல்லிக்கொண்டே போக, அவள் குழம்பை ஊற்றினாள். ஒருமுறை அவன், ஒருத்தன் மேல் வேண்டுமென்றே பொய்வழக்குப் போட்டால் அவனிடம் நஷ்டஈடு கேட்கலாம் என்று படித்ததைச் சொன்னான். சீனியம்மாளின் கை அகப்பையோடு நின்றது.

"அதப் போடு."

"முடியாது ஆத்தா. அதுக்குக் காலவரம்பு இருக்கு. எப்பவோ தாண்டிப்போச்சு."

"என் வயித்தெரிச்சலுக்கு ஒரு வரம்பும் இல்லையே. சட்டத்துக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு?"

கல்லூரியில் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்தான். அதை இவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

கடைசி வருஷ லீவில் அவன் எழுமலைச் சந்தைக்குப் போனபோது பேயாண்டி எதிரே தனியாக வந்தார். தலையாரி எங்கோ பின்தங்கிவிட்டான். நாலடி தூரத்தில் நின்று, "யாருப்பா, விருமாண்டி தம்பியா?" என்று சிரித்த முகத்தோடு கேட்டார். விருமாண்டி அதே ஊரில் வேறு தெருக்காரன். எதிர்வீட்டு நல்லகாமன் அவரைத் திருத்தாமல் நடந்துவிட்டான். அந்த வருஷம் அவன் படித்துக்கொண்டிருந்தது சாட்சியச் சட்டம். பார்த்தேன் என்று சொல்கிறவனால் பார்க்க முடியுமா என்பதை முதலில் சோதிக்க வேண்டும் என்று அவனுடைய ஆசிரியர் லீவு விடுவதற்கு முன்புதான் சொல்லியிருந்தார். இந்த விஷயத்தை அவன் ஆத்தாளிடம்கூட மூச்சுவிடவில்லை.

பட்டம் வாங்கி, மதுரையில் ஒரு பெரிய வக்கீலிடம் வேலை பழகி, கறுப்புக் கோட்டுப் போட்டு மூன்று வருஷம் ஆன பிறகு அந்த நாள் வந்தது. அதே பேயாண்டி, அதே மாதிரி ஒரு களவு, அதே கண்மாய்க் கரை. இந்த முறை அவர் விரல் நீட்டியது விருமாண்டியை. விருமாண்டிக்கு வக்கீல் நல்லகாமன்.

"ஆத்தா, நாளைக்குக் கோர்ட்டுக்கு வந்து கதவோரம் உக்காரு. ஒண்ணும் பேசாத" என்று மட்டும் சொன்னான்.

கூண்டில் ஏறிய பேயாண்டி சத்தியம் செய்துவிட்டுத் தெளிவாகச் சாட்சி சொன்னார். நல்லகாமன் எழுந்தான்.

"விருமாண்டிய எம்புட்டுத் தூரத்துல பாத்தீங்க?"

"மடையிலிருந்து புளியமரம் வரைக்கும். இந்தக் கோர்ட்டு மாதிரி மூணு மடங்கு இருக்கும்."

"ஆள நல்லா அடையாளம் தெரிஞ்சுச்சா?"

"பட்டப்பகல்ல தெரியாம என்ன?"

"அப்படின்னா அந்தக் கதவோரம் உக்காந்திருக்கிற அம்மா யாருன்னு சொல்லுங்க."

பேயாண்டியின் தலை பழக்கத்தில் இடப்பக்கம் திரும்பியது. அங்கே கருப்பு இல்லை. கூண்டுக்குள் தலையாரியைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. அவர் கண்ணைச் சுருக்கினார்.

"விருமாண்டி பொஞ்சாதி" என்றார்.

விருமாண்டி கல்யாணமே ஆகாதவன். மாஜிஸ்திரேட் பேனாவை வைத்துவிட்டு, அந்த அம்மாளை எழுந்து பேர் சொல்லச் சொன்னார்.

"சீனியம்மா. முத்திருளன் பொஞ்சாதி. இவுக வீட்டுக்கு எதுத்த வீடு" என்றாள் அவள்.

விருமாண்டி விடுதலையானான். இந்தச் சாட்சியின் சொல்லை நம்ப வழியில்லை என்று தீர்ப்பில் எழுதியிருந்தது. மேலதிகாரிகள் விசாரித்துப் பேயாண்டியின் முன்சீப் வேலையைப் பிடுங்கினார்கள். வேலை போனவருக்குத் தலையாரி எதற்கு? கருப்பு ஊர்ச் சாவடியில் வாயைத் திறந்தான். இளவட்டமாக இருந்தபோதே அவருக்குத் தூரப்பார்வை கிடையாது, எதிரே வருகிறவன் பேரைக் காதில் ஓதுவதே தன் பிழைப்பாக இருந்தது என்றான்.

சீனியம்மாளுக்கு அதைக் கேட்டதும் இரண்டு தீ ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டது. புருஷனைப் பார்த்தேன் என்றது முழுப்பொய் என்பது ஒன்று. இத்தனை வருஷமாக வாசலில் நின்று தான் பார்த்த பார்வை அந்த ஆளைப் போய்ச் சேரவே இல்லை என்பது இன்னொன்று.

"உங்கய்யா கேஸத் திரும்ப நடத்து" என்றாள் மகனிடம்.

"செத்தவுகளுக்கு அப்பீல் கிடையாது ஆத்தா."

"அப்ப நானே பாத்துக்கிறேன்."

மறுநாள் காலை தெருவைக் கடந்துபோய்ப் பேயாண்டியின் வாசலில், அவர் முகத்துக்கு முழநீளத் தூரத்தில் நின்றாள்.

"யாரு?"

"முத்திருளன் பொஞ்சாதி. நல்லாப் பாத்துக்க. நீ பாக்காத மாட்டுக்கும் பாக்காத மனுசனுக்கும் சாட்சி சொன்னியே, அவரு பொஞ்சாதி."

அவர் உதடு என்னவோ சொல்ல அசைந்தது. அவள் கேட்க நிற்கவில்லை. அடுத்த நாளும் போனாள், அதற்கடுத்த நாளும் போனாள். "முத்திருளன் பொஞ்சாதி வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்புவாள். அவர் வீட்டார் மதுரைக்கு வந்து நல்லகாமனிடம் முறையிட்டார்கள். அவன் ஊருக்கு ஓடிவந்தான்.

"போதும் ஆத்தா. அவரு சோறு தண்ணி இறங்காமக் கிடக்காராம்."

"உன் சட்டத்துல இது குத்தமா, சொல்லு."

"வீட்டுக்குள்ள போனாக் குத்தம்."

"நான் நிக்கிறது தெரு."

தெருவில் நின்று தன் பேரைச் சொல்வதைத் தடுக்க அவன் படித்த எந்தப் பாடத்திலும் இடமில்லை.

பேயாண்டி வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டார். அவள் மூடிய கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஊரே மதுரைக்குப் போயிருந்த நேரத்தில், அவர் கண்ணை மூடினார். பகையாளி வீடானாலும் சாவு விழுந்தால் துட்டிக்குப் போவது அந்தப் பக்கத்து வழக்கம். சேதி கேட்டு ஊருக்கு வந்த நல்லகாமன் வேட்டியை மாற்றிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"நீ போய்ட்டு வாய்யா. நீ நாலு பேருக்கு வக்கீலு" என்றாள். "நான் வரல."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவள் தன் புன்செய்க் காட்டுக்குப் போனாள். எதிர்வீட்டு ஒப்பாரி ஊர் எல்லை வரைக்கும் பின்னால் வந்தது. அவள் நடையைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. பொழுது சாய நல்லகாமன் மயானத்திலிருந்து திரும்பியபோது அடுப்பெரிந்துகொண்டிருந்தது.

"தலை முழுகிட்டு வா" என்றாள். "சோறு ஆறிப்போகும்."