முதலாளி அனுப்பிய பலகைகள்

துடியலூரில் மரமில்லுக்குப் பின்னால் இருந்த லைன் வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அந்த மில்லில் பலகை அடுக்குகிற வேலை. ஆனைமலைப் பக்கமிருந்து லாரியில் வரும் தேக்கை அறுத்தவுடன், ஈரம் காயாத பலகைகளை மண்ணில் படாமல் அடுக்க வேண்டும். காற்றுப் போக வரிசைக்கு வரிசை நடுவில் குச்சி வைக்க வேண்டும். அடியில் போடுவதற்காக, கழித்துப்போட்ட ஓரக் கட்டைகளை ஆணியடித்து இருவருமே தாழ்வான மேடைகள் செய்துகொள்வார்கள். சித்தப்பா அவற்றை மணை என்பார்.

“கல்யாணப் பொண்ணாட்டம் உக்காந்திருக்குது பாரு அம்மணி” என்று அடுக்கைக் காட்டிச் சிரிப்பார். அவருக்கே அப்போதுதான் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் சாயங்காலம் அப்பாவைக் கூப்பிடப் போனபோது முதலாளி அங்கே நின்றிருந்தார். அடுக்கு ஏற்கெனவே அப்பாவின் தலைக்கு மேல் போயிருந்தது.

“ஏனுங்க, இதுக்கு மேல மணை தாங்காதுங்க. பச்சைப் பலகை, கனம் சாஸ்திங்க” என்றார் அப்பா.

“லாரி வாசல்ல நிக்குது. எடத்துக்கு நான் எங்கடா போறது? மேலயே ஏத்திப்போடுங்க.”

“சரிங்க” என்றார் அப்பா.

மறுநாள் காலையில் அம்மா எனக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். மில்லில் ஏதோ பெரிதாகச் சரிந்த சத்தம் கேட்டது. உடனே ரம்பத்தின் இரைச்சலும் நின்றது. அம்மா சீப்பை என் தலையிலேயே விட்டுவிட்டு ஓடினாள். அடியிலிருந்த மணை முறிந்து அடுக்கு முழுவதும் சித்தப்பாவின் மேல் சாய்ந்திருந்தது. பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துத்தான் அவரை வெளியே கொண்டுவர முடிந்ததாம். எடுத்தவர்களில் அப்பாவும் ஒருவர்.

எங்கள் சபையில் பெட்டியில் வைத்துத்தான் அடக்கம். மத்தியானம் மில் மேஸ்திரி ஒரு வண்டி நிறையத் தேக்குப் பலகை கொண்டுவந்து இறக்கினார். முதலாளி சும்மாவே கொடுத்தனுப்பியதாகச் சொன்னார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எங்கள் தெருவில் தேக்குப் பெட்டியில் போனவர் யாருமில்லை.

அப்பா எழுந்து வந்து பலகைமேல் கையை வைத்துப் பார்த்தார்.

“வேண்டாமுங்க. பச்சை மரமுங்க. காஞ்சா நெளிஞ்சுபோயிருமுங்க.”

“மண்ணுக்குள்ள போறதுக்கு நெளிஞ்சா என்னப்பா?”

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். மேஸ்திரி கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டு, பலகைகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார். அப்பா எங்கள் வீட்டுக் கதவைக் கழற்றினார். அது போதாமல் பரண் பலகைகளையும் பிரித்தார். பெட்டியின் ஒரு பக்கத்தில், முன்பு கதவில் நான் கரிக்கட்டியால் போட்ட பூப்படம் அப்படியே இருந்தது.

அடுத்த வாரமே அப்பா அதே மில்லுக்கு வேலைக்குப் போனார். எங்கள் வாசலில் சாக்குத் தொங்கியது. அதை விலக்கிக்கொண்டு தெருநாய் உள்ளே வந்தது. மழை பெய்தால் சாரல் படுக்கிற பாய் வரைக்கும் அடித்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எங்களைச் சாக்கு வீடு என்று கேலி செய்தார்கள்.

“முதலாளி குடுத்த பலகையில ஒரு கதவாச்சும் செஞ்சிருக்கலாமுல்லங்கப்பா?” என்று அழுதேன்.

“அது காயோணும் கண்ணு.”

நானும் நம்பினேன். மேஸ்திரி திருப்பிக் கொண்டுபோன பலகைகள் மில் வேலியோரமாக அடுக்கியிருந்தன. பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் வேலிக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்ப்பேன். முதலில் சில்லென்று இருந்தது. வெயில் காலம் வந்ததும் நகத்தால் தட்டினால் கணீரென்று கேட்டது. வீட்டுக்கு ஓடிவந்து, “காஞ்சிருச்சுங்கப்பா” என்றேன்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“இன்னும் இல்லை கண்ணு” என்றார்.

இத்தனை காலமாகப் பலகை அடுக்குகிறவருக்கு மரம் காய்ந்ததுகூடத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.