சந்தனம் பூசாத மொட்டை

உயிரோடு இருக்கும் என் அப்பாவுக்காக வந்த இரங்கலுக்கெல்லாம் 'மிக்க நன்றி' சொன்னவன் நான். நாற்பத்தோரு பேருக்குச் சொன்னேன். கண்ணாடி போடாமல்.

அப்பா காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்து வந்தால் மொட்டை போடுவதாக முருகனிடம் வேண்டிக்கொண்டேன். பிழைத்தார். மலைக்குப் போனேன். "மீசையும் எடுத்துடட்டுமாண்ணா?" என்றார் முடி எடுப்பவர். "ஆங், எடுத்துடு" என்றேன். வேண்டுதல் மொட்டைக்குச் சந்தனம் பூசுவது வழக்கம். எனக்கு அரித்தது, கழுவிவிட்டேன். மீசையும் சந்தனமும் இல்லாத மொட்டையை எங்கள் பக்கம் அப்பன் செத்தவன் தலையில்தான் பார்க்கலாம். அந்தத் தலையைத்தான் படியில் நின்று செல்ஃபி எடுத்து, ஒரு வார்த்தைகூட எழுதாமல் பேஸ்புக்கில் போட்டேன். கீழே வந்து குவிந்ததெல்லாம் பாராட்டு என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் மகளுக்கு நிச்சயதார்த்தம். கனகம்மாசத்திரத்துச் சம்பந்தி, வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூ போட்டு வணக்கம் சொல்வார். படம் போட்ட மறுநாள் ரோஜா வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான் ஒரு தாமரை போட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. அவர் வீட்டில் நான் அடித்த ஜோக்குகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எதுவுமே மன்னிக்கும்படி இல்லை.

மூன்றாம் நாள் காலை மகள் வந்து நின்றாள்.

"அப்பா, என்னைக் கட்டிக்கப் போறவரு இன்ஸ்டால போட்டிருந்த நிச்சயதார்த்த கவுண்ட்டவுன தூக்கிட்டாரு. கேட்டா, 'உங்கப்பா எங்கள மனுசனாவே மதிக்கல'ன்றாரு. என்னா பண்ணி வெச்ச?"

"நான் ஒண்ணுமே பண்ணலியேம்மா!"

என் போனைப் பிடுங்கி பேஸ்புக்கைத் திறந்தாள். அவள் எட்டிப் பார்க்காத இடம் அது. கிழடுகள் பேட்டை என்பாள். மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள்.

"இது என் மாமனாருப்பா. 'பெரியவர் மறைவை எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?'ன்னு கேட்டுகினு கீறாரு. நீ 'மிக்க நன்றி'ன்னு போட்டிருக்க!"

மறைந்த பெரியவர் உள்ளே இட்லிக்குச் சட்னி பத்தவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார்.

வீடியோ கால் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மூன்றாவது முறை சம்பந்தி முகம் வந்ததும், போனை அப்படியே அப்பா முன்னால் நீட்டினேன். அப்பா வாயில் இட்லி.

"இன்னா சம்பந்தி, சாப்டீங்களா?"

சம்பந்தி மெதுவாகச் சொன்னார்: "பந்தல்காரன வேணாம்னுட்டேனுங்களே... இருங்க, அவனத் திரும்பக் கூப்புடறேன்."

மறுநாள் ஆறு மணிக்கு ரோஜா வந்தது. அதை அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ரோஜாவைப் பார்க்கவில்லை, என் தலையைப் பார்த்தார்.

"நான் நெஜமா போற அன்னிக்கு போட்டோ கீட்டோ போட்டு வெக்காத. நாலு பேருக்கு போன் பண்ணி வாயால சொல்லுடா, முட்டாளே."