தமர் ஹிந்தி ஊற்றிய குழம்பு

பாறை நிலத்தைத் திருத்திச் சாமை விதைத்தேன். மழைக்கு ஒழுகாத புளிக் கிடங்கு எழுப்பினேன். பேருந்து எப்போதாவது எட்டிப் பார்க்கும் ஜவ்வாது மலையிலிருந்து மகனைப் பொறியாளர் ஆக்கினேன். இத்தனைக்கும் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இப்போது ஓர் ஆங்கிலக் கட்டுரையிலும் எனக்குப் பங்கிருக்கிறது. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என் மருமகள் திருப்பத்தூரில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லித் தருகிறாள். புளியை ஆங்கிலத்தில் 'டாமரிண்ட்' என்கிறார்களே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஒரு பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தாள். ஆங்கிலத்துக்கு லத்தீனிலிருந்து வந்ததாம். லத்தீனுக்கு அரபியிலிருந்து. அங்கே அது 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை. அந்த இடத்தில் நின்றுவிட்டாள்.

"புளிக்கும் பேரீச்சைக்கும் இன்னாங்க மாமா சம்பந்தம்? மரமும் வேற, ருசியும் வேற. படிக்கிறவங்க சிரிப்பாங்க. அதை எடுத்துடப் போறேன்."

"எடுக்காதம்மா. தமர் ஹிந்தியை ஊத்திக் கொழம்பு வச்சவன் நானு."

வளைகுடாவில் பேரீச்சை மண்டியில் மூட்டை தூக்கிய காலம் அது. நோன்பு மாதம். மண்டியிலிருந்த குளிர்பெட்டியில் ஒரு ஜாடி நிறையப் புளிக்கரைசல் இருந்தது. நம்மூர் ஆள் எவனோ கரைத்து வைத்திருக்கிறான் என்று மிளகாய்த்தூளும் உப்பும் போட்டுக் கொதிக்கவிட்டேன். வாயில் வைத்தால் பாயசம்! முதலாளி நோன்பு திறக்கச் சர்க்கரை போட்டு வைத்திருந்த பானம் அது. அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு ஒரு கையில் பேரீச்சைக் கட்டியையும், மறு கையில் கொட்டை நீக்கி அமுக்கிய புளியையும் எடுத்துக் காட்டினார். "தமர். தமர் ஹிந்தி." இரண்டும் கறுத்துப் பிசுபிசுத்து அண்ணன் தம்பி போல இருந்தன. மரத்தைப் பார்க்காதவன், கப்பலில் வந்த கட்டியைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறான். அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது.

"அந்தக் கொழம்பை இன்னா பண்ணீங்க மாமா?"

"துன்னுட்டோம். பசி."

சிரித்துக்கொண்டே முழுவதையும் எழுதிச் சேர்த்தாள். பத்திரிகை ஏற்றுக்கொண்டது. நேற்று எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். பேராசிரியர்களுக்குப் பெயர் சொல்லி நன்றி. நான் மட்டும் 'வளைகுடாவில் வேலை செய்த ஒரு தொழிலாளி'.

"இன்னாம்மா, நான் யாரோவா?"

"மாமனாரு பேரைப் போட்டா நல்லா இருக்காதுங்க."

"என் கொழம்பு மட்டும் நல்லா இருந்துச்சா?"

இன்னும் அச்சாகவில்லை, திருத்த நேரம் இருக்கிறது. அவள் திருத்துவாள், நியாயம் தெரிந்தவள். என் முழுப்பெயரும் ஊர்ப்பெயரும் அதில் வர வேண்டும். அதுவும் பேராசிரியர்களுக்கு முன்னால்.